புறநிழலில் உறங்கும் செல்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலை ஐந்தரை மணிக்கு எழுந்த அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கையைத் தூக்க முடியவில்லை. ஆறரை மணிக்கு மருத்துவமனையில் சேர்த்தோம். 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?' என்றே மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அது ஏன்?"

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவழிக்கிறது. சேமிப்பு என்று அதனிடம் எதுவும் இல்லை. அதற்கு வரும் இரத்தம் தடைபடும்போது வருவதே அந்த அப்பாவுக்கு வந்த பக்கவாதம். பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளையின் இரத்தக் குழாயில் உறைந்த இரத்தக் கட்டி அடைத்துக்கொள்வதால் வருகின்றன. மற்றவை குழாய் வெடித்துக் கசிவதால் வருகின்றன.

அடைத்த உடனே அந்தப் பகுதி முழுவதும் செத்துவிடுவதில்லை என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கும் செய்தி. நூறு கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் இரத்தம் வர வேண்டும். அது 20-க்கும் கீழே இறங்கும்போது நரம்புச் செல் மின்குறிப்பு அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறது. ஆனால், சோடியத்தை வெளியேற்றும் தன் பம்புகளை மட்டும் எப்படியோ ஓட்டிக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. 10-ஐ ஒட்டி இறங்கினால் பம்புகளும் நின்று, சோடியமும் அதன் பின்னே நீரும் உள்ளே புக, செல் வீங்கி மடிகிறது. அடைப்பின் நடுப்பகுதி விரைவில் மடிந்தாலும், பக்கத்துக் குழாய்கள் வழியே வரும் கொஞ்ச இரத்தத்தில் பிழைத்திருக்கும் விளிம்புச் செல்கள் பேசாமல் காத்திருக்கின்றன. கிரகணப் பாடத்தில் கருநிழலைச் சுற்றி வரும் புறநிழலின் பெயரையே 1981-இல் ஆஸ்ட்ரப், சீசோ, சைமன் ஆகிய ஆய்வாளர்கள் இந்த விளிம்புக்கு எடுத்தாண்டார்கள். தூக்க முடியாத அந்தக் கைக்குரிய செல்களில் பல, முதல் மணி நேரத்தில் இறந்திருக்கவில்லை; வாயடைத்துத்தான் இருக்கின்றன. ஆனால் பெருங்குழாய் அடைப்பில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் மடிவதாக 2006-இல் ஒரு கணக்கு வெளியானது.

கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு நோயாளிக்கு அதுவே ஆபத்தாகிவிடும் என்பதால் முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள், வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பெரிய கட்டியை இரத்தக் குழாய் வழியே கம்பியிட்டு எடுக்கும் சிகிச்சை, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பயன்படுகிறது.

சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா, இரு கைகளையும் நீட்டினால் ஒன்று கீழே சரிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும், நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியானாலும் போக வேண்டும். அது வரவிருக்கும் பெரிய அடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். விழுங்கும் திறனும் போயிருக்கக்கூடும் என்பதால் வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். புறா இரத்தம் தேய்த்துக் காத்திருக்கும் வீடுகளைப் பற்றி எனக்கு வருத்தமல்ல, கோபமே வருகிறது.

தூக்கத்தில் வந்த பக்கவாதத்துக்கு, எழுந்த நேரம் தொடக்கமாகாது. கடைசியாக நன்றாக இருந்த நேரமே தொடக்கம். அப்பா படுத்தது இரவு பத்து மணி என்றால், ஆறரைக்குள் எட்டரை மணி நேரம் போய்விட்டது. ஆனால் வாசகரின் தாயார், "நாலு மணிக்கு எழுந்து தண்ணீர் கேட்டார், சொம்பைத் தானே பிடித்துக் குடித்தார், தெளிவாகத்தான் பேசினார்" என்றாராம். கணக்கு நாலு மணியிலிருந்து தொடங்கியது. ஊசிக்கு எட்டரை வரை நேரம் இருந்தது.