மழைக்காலத்தில் குழுவை இழுப்பது கடைசி ஆள்

ஐப்பசி பிறந்தால் போதும், திருநெல்வேலிச் சீமையில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்விடுவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனி கொட்டும் மாதங்களில் நடப்பது இங்கே வடகிழக்குப் பருவமழையில் நடக்கிறது. பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் அணை திறந்துவிட்டால் தாமிரபரணியில் நீச்சலுக்கு இறங்க முடியாது, கலங்கல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் வேறு, காலில் சின்னக் கீறல் இருந்தாலே கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும். ஈரமான நாற்கர சாலையில் லாரிகளுக்குப் பக்கத்தில் சைக்கிளை விரட்ட மனசு வராது. இருட்டும் சேர்ந்துகொள்கிறது. மே மாதக் கடைசியில் 6 மணியை ஒட்டி உதிக்கிற சூரியன் ஜனவரிக் கடைசியில் 6.40-ஐ ஒட்டித்தான் எட்டிப் பார்க்கிறது. பகல் மிகவும் குறைவது டிசம்பர் 22 வாக்கில் என்றாலும், நாம் இருக்கிற அட்சரேகையில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது அதற்கு ஒரு மாதம் கழித்து. அதனால் தை பிறந்த பிறகும் அலாரம் அடிக்கும்போது வெளியே கும்மிருட்டாகத்தான் இருக்கும்.

சரி, கொஞ்ச நாள் விட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். அமெரிக்க உடலியல் ஆய்வாளர் எட்வர்ட் காயிலும் அவருடைய குழுவும் நன்றாகப் பயிற்சி எடுத்திருந்தவர்களை அப்படியே நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்து 1984-ல் வெளியிட்டார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு 21 நாளில் 7 சதவீதமும் 56 நாளில் 16 சதவீதமும் இறங்கியிருந்தது. முதலில் நடப்பது ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவது, அதனால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு சுருங்குவது. தசைக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் அதற்குப் பிறகும் மெதுவாகச் சரிந்துகொண்டே போகும். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த 56 நாள் வந்துவிடுகிறது.

இதற்கு மருந்தாக எல்லோரும் கையில் எடுப்பது குழுச் சவால். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப், 'மழைக்கால சேலஞ்ச்' என்று ஒரு பெயர், யார் அதிக கிலோமீட்டர் என்று ஒரு பட்டியல். சில வருடம் அது அமோகமாக ஓடும், சில வருடம் ரெண்டாவது வாரத்திலேயே படுத்துவிடும். ஆள் சரியில்லை, ஊக்கம் பத்தவில்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் சவாலை எப்படிக் கட்டினார்கள் என்பதில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கிறது, அதைப் பற்றி அறிவியல் நிறையவே சொல்லியிருக்கிறது.

மழையையே கருவியாக வைத்து நடந்த ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சினான் அரால், கிறிஸ்டோஸ் நிக்கோலைடஸ் என்ற இருவர் சுமார் 11 லட்சம் ஓட்டக்காரர்கள் ஐந்து வருடங்களில் பதிவு செய்த ஓட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். நண்பர்கள் ஒன்றாக ஓடுகிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஒருவர் மற்றவரை ஓடவைத்தார் என்று சொல்லிவிட முடியாது, ஓடுகிறவர்கள்தானே முதலில் நண்பர்களாகிறார்கள்! அதனால் வெவ்வேறு ஊரில் இருக்கும் நண்பர்களைப் பார்த்தார்கள். ஒருவர் ஊரில் மழை, அவர் ஓடவில்லை. அன்றைக்கு மழையே பெய்யாத ஊரில் இருக்கும் அவருடைய நண்பரின் ஓட்டமும் குறைகிறதா? குறைந்தது. வெயில் அடித்து ஒருவர் கூடுதலாக ஓடினால் வேறு ஊர் நண்பரும் கூடுதலாக ஓடினார். நண்பர்கள் ஒரு கிலோமீட்டர் அதிகம் ஓடினால் இவர் 0.3 கிலோமீட்டர் அதிகம் ஓடுவதாகக் கணக்கு வந்தது. 2017-ல் வெளியான அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. குறைவாக ஓடுகிறவர்கள் நிறைய ஓடுகிறவர்களைத் தூண்டினார்கள், ஆனால் நிறைய ஓடுகிறவர்களைப் பார்த்துக் குறைவாக ஓடுகிறவர்கள் தூண்டப்படவில்லை. பின்னால் வருகிறவன் நெருங்குகிறான் என்றால்தான் முன்னால் போகிறவனுக்குக் கால் வேகமெடுக்கிறது.

நம் பக்கத்து மழைக்கு இது அப்படியே பொருந்தும். தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி ஆடியில் சாரல் பிடிக்கும்போது பாளையங்கோட்டையில் புழுதிக் காற்று. ஐப்பசியில் அம்பாசமுத்திரம் நனைந்துகொண்டிருக்கும் அன்றைக்கே ராதாபுரம் பக்கம் தரை காய்ந்து கிடக்கலாம். ஒரே தெருவில் இருக்கும் மூன்று பேரை ஒரு அணியாகப் போட்டால் மழை வந்ததும் மூன்று பேரும் ஒன்றாகப் படுத்துவிடுவார்கள். அம்பையில் ஒருவர், பாளையில் ஒருவர், வள்ளியூரில் ஒருவர் என்று அணி பிரித்தால் யாராவது ஒருவருக்குச் சாலை காய்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அவர் பதிவு போட்டதும் மற்ற ரெண்டு பேருக்கும் உறுத்தும்.

ஏன் மூன்று பேர், குரூப்பில்தான் அறுபது பேர் இருக்கிறார்களே என்றால், அங்கேதான் ஆனித் தேரோட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நெல்லையப்பர் தேரின் வடத்தைப் பிடித்திருக்கும் அத்தனை பேரும் முழுப் பலத்தோடு இழுக்கிறார்களா என்று வடத்தைப் பிடித்தவர்களுக்கே தெரியும். பிரான்சின் வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் இதைக் கயிறு கட்டி அளந்து 1913-ல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து வேலை செய்தபோது ஆளுக்கு ஆள் கொடுத்தது, தனியாகச் செய்தால் கொடுப்பதில் ஏறக்குறைய பாதிதான். எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் வந்த நஷ்டமாக இருக்கலாமே என்ற சந்தேகத்தை 1974-ல் ஆலன் இங்கமும் கூட்டாளிகளும் தீர்த்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் நிறையப் பேர் இழுப்பதாக நம்பவைத்தார்கள், உண்மையில் இழுத்தது அந்த ஒருவர் மட்டும். அப்போதும் அவர் குறைவாகவே இழுத்தார். தன் பங்கு தனியாகத் தெரியாது என்ற நினைப்பே கையைத் தளர்த்திவிடுகிறது. அறுபது பேர் குரூப்பில் ஒருவர் பதிவு போடாவிட்டால் யார் கவனிக்கப்போகிறார்கள்? 'சூப்பர் ப்ரோ' என்று கட்டைவிரல் போடுவதோடு அன்றைய பயிற்சி முடிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான விளைவு ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடித்தவர் 1920-களில் ஜெர்மனியில் வாழ்ந்த உளவியலாளர் ஓட்டோ கோலர். பெர்லின் படகுக் கழகத்து ஆட்களிடம் 41 கிலோ எடையைக் கொடுத்து, கை ஓயும்வரை மடக்கித் தூக்கச் சொன்னார். அப்புறம் இருவராகச் சேர்த்து 82 கிலோ. ஒருவர் கைவிட்டால் மற்றவரால் தனியாகத் தாங்க முடியாது, ஆட்டம் அத்தோடு முடிந்தது. அந்த நிலையில் பலவீனமானவர்கள் தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். ரெண்டு பேருக்கும் பலத்தில் மிதமான வித்தியாசம் இருந்தபோதுதான் இது நன்றாக வேலை செய்தது. சமபலம் என்றால் யாருக்கும் உறுத்தல் இல்லை, மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்றால் முயன்றும் பயனில்லை என்று ஆகிவிடுகிறது. பிரான்டன் இர்வின், டெபோரா ஃபெல்ட்ஸ் குழுவினர் 2012-ல் இதை நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் சோதித்தார்கள். திரையில் ஒரு துணை, உன்னைவிடக் கொஞ்சம் திறமைசாலி, முதலில் நிறுத்துகிறவரின் நேரம்தான் அணியின் நேரம் என்று சொல்லப்பட்ட பெண்கள், தனியாக மிதித்தவர்களைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு நேரம் மிதித்தார்கள்.

இதை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். எங்களோடு பயிற்சி எடுக்கிற ஒரு அண்ணாச்சி சைக்கிளில் எப்போதும் கடைசி. வெளியே அடைமழை, வீட்டுத் திண்ணையில் நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெயினர் என்ற தாங்கியில் சைக்கிளைப் பூட்டி, கீழே பழைய சாரத்தை (லுங்கியை) நாலாக மடித்து விரித்து, ஸ்டூல் மேல் ஒரு டேபிள் ஃபேனை நெஞ்சுக்கு நேராக வைத்து மிதித்துக்கொண்டிருந்தார். "ஒரு நாள் விட்டாத்தான் என்ன அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "நான் ஏறலைன்னா அவனுவ ரெண்டு பேருக்கும்லா போச்சு" என்றார், மிதிப்பதை நிறுத்தாமலே. சாரம் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. அதற்கும் காரணம் இருக்கிறது. பெடலுக்கு 150 வாட் போக வேண்டுமென்றால் உடல் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தையும் உண்டாக்குகிறது, தசையின் திறன் நாலில் ஒரு பங்குக்குள்தான். சாலையில் போகும்போது எதிர்காற்று வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர்விக்கும். திண்ணையில் காற்று அசையாது, மழைக்கால ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகும், உடம்பு சூடேறி அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஃபேன் இல்லாமல் டிரெயினரில் ஏறாதீர்கள், அது சொகுசு அல்ல.

இந்த இடத்தில் ஒரு முரண்பாடும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜிங்வென் ஜாங், டேமன் சென்டோலா குழு 790 மாணவர்களை வைத்து நடத்திய சோதனையில், ஒருவருக்கொருவர் ஆறுதலும் ஊக்கமும் சொல்லிக்கொள்ளும் குழுக்கள் தேறவில்லை, சும்மா விடப்பட்டவர்களைவிடக்கூடப் பின்தங்கின. போட்டியில் இருந்தவர்கள்தான் உடற்பயிற்சி வகுப்புக்கு அதிகம் வந்தார்கள். தனியாள் போட்டியோ அணிப் போட்டியோ, பெரிய வித்தியாசம் இல்லை. ஆதரவுக் குழுவில் வராதவர்களே கண்ணில் படுகிறார்கள், அதைப் பார்த்து மற்றவர்களும் தளர்ந்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். என் கருத்து, கடைசி ஆளைத் தட்டிக்கொடுப்பது வேறு, அவருடைய உழைப்பை அணிக்குத் தேவையானதாக ஆக்குவது வேறு. முதலாவதில் அவர் நோயாளி மாதிரி ஆகிவிடுகிறார், இரண்டாவதில்தான் கோலர் கண்ட விளைவு வருகிறது. அதனால் அணிக்குள் ஒருவரையொருவர் சார்ந்திருப்பது, அணிகளுக்கு இடையே போட்டி. அணியின் வாரப் புள்ளியில் பாதி மூவரின் கூட்டுத்தொகையிலிருந்து, மீதிப் பாதி மூவரில் குறைந்தவரின் புள்ளியிலிருந்து. முழுப் புள்ளியையும் கடைசி ஆளிடம் கட்டிவிட்டால் பலசாலி அசந்துவிடுவார்.

அடுத்தது, எதை எண்ணுவது? கிலோமீட்டரை எண்ணினால் சைக்கிள்காரர் ஜெயிப்பார், நீச்சல்காரர் தலையில் துண்டுதான். ஒலிம்பிக் தூர டிரையத்லானில் நீச்சல் 1.5 கி.மீ, சைக்கிள் 40, ஓட்டம் 10 என்பதை வைத்தே எவ்வளவு பொருந்தாத அளவு என்று பார்த்துக்கொள்ளலாம். கார்ல் ஃபாஸ்டர் என்ற விளையாட்டு அறிவியலாளர் பிரபலமாக்கிய முறை இதற்குத் தோதானது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, மொத்தத்தில் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 0 முதல் 10-க்குள் ஒரு எண் சொல்ல வேண்டும், அதை நிமிடத்தால் பெருக்க வேண்டும். குளத்தில் 40 நிமிடம், கஷ்டம் 5 என்றால் 200. டிரெயினரில் ஒரு மணி நேரம், கஷ்டம் 4 என்றால் 240. இந்த அளவில் அவரவர் உடம்புதான் அளவுகோல் என்பதால் வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் இருக்கும் இடைவெளி தானாகச் சுருங்கி, கோலர் சொன்ன அந்த மிதமான வித்தியாசத்துக்குள் வந்துவிடும். ஆனால் புள்ளி ஆசையில் தினமும் 8, 9 என்று முறுக்கினால் முழங்கால் போய்விடும். உலகத்தர வீரர்களே அமர்வுகளில் சுமார் 80 சதவீதத்தை எளிதான வேகத்தில்தான் செய்கிறார்கள் என்று ஸ்டீபன் சைலர் காட்டியிருக்கிறார். 7-க்கு மேல் போகிற பயிற்சி வாரத்துக்கு ரெண்டு மட்டும் கணக்கில் வரும் என்று எழுதிவைத்துவிடுங்கள்.

தொடர்ச்சியாக இத்தனை நாள் விடாமல் செய்தேன் என்று எண்ணுவது எல்லாச் செயலிகளுக்கும் பிடித்த விளையாட்டு. மழைக்காலத்துக்கு அது ஆகாது, ஏனென்றால் நாள் விடுபடத்தான் போகிறது, விடுபட்டதும் 'இனி என்ன' என்ற எண்ணம் வந்துவிடும். கேத்தரின் மில்க்மன், ஏஞ்சலா டக்வொர்த் முதலானவர்கள் 61,000-க்கும் மேற்பட்ட ஜிம் உறுப்பினர்களிடம் 54 விதமான நாலு வாரத் திட்டங்களைச் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். முதலிடம் பிடித்தது, ஒரு நாள் தவறவிட்டவர் திரும்பி வந்தால் சின்னதாக ஒரு வெகுமதி கொடுத்த திட்டம். அதனால் விடுபட்ட நாளுக்கு அபராதம் வேண்டாம், திரும்பி வந்த நாளுக்கு 50 புள்ளி கூடக் கொடுங்கள். அதே ஆய்வில், நாலு வாரம் முடிந்த பிறகும் பலன் நீடித்த திட்டங்கள் 8 சதவீதம்தான். ஒரு சவால் போட்டுவிட்டுப் பழக்கம் வந்துவிடும் என்று உட்கார்ந்துவிட முடியாது. ஐப்பசியில் ஒன்று, முடிந்ததும் அணிகளைக் கலைத்துக் கார்த்திகையில் ஒன்று, மார்கழியில் ஒன்று என்று நாலு நாலு வாரமாகப் போடுவது நல்லது.

கணக்கிலிருந்து நீக்க வேண்டிய நாள்களையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். ரெட் அலர்ட் நாளும் இடி இடிக்கும் நேரமும் யாருக்கும் கணக்கில் வராது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோது இந்தச் சீமை எப்படித் தவித்தது என்று பார்த்தோம். காய்ச்சல் நாளும் அப்படித்தான், அந்த ஆளின் இடத்தில் அணிக்கு அவருடைய போன வாரச் சராசரியைப் போட்டுவிட வேண்டும். தன்னால் அணி தோற்கிறது என்ற உறுத்தல், ஆரோக்கியமான ஆளை ஓடவைப்பது போலவே காய்ச்சல்காரரையும் ஓடவைக்கும். வைரஸ் காய்ச்சலோடு கடுமையாகப் பயிற்சி செய்தால் இதயத் தசையில் அழற்சி ஏற்படும் ஆபத்து இருக்கிறது, மழைக்காலம் டெங்குவின் காலமும்கூட. மூக்கு ஒழுகுவதோடு நின்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சலோ உடம்புவலியோ இருந்தால் ஓய்வு. காய்ச்சல் விட்டபின் நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல் எது தெரிந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் அந்த ஆளைப் பட்டியலில் திரும்பச் சேர்க்காதீர்கள்.