மோட்டார் நின்ற பிறகு குழாய்க்குள் என்ன நடக்கிறது?

கடலூர் குடிகாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கரண்டு போய் வந்தால் குழாயில் முதலில் காற்றுதான் சீறுகிறது. அப்புறம் கொஞ்ச நேரம் கலங்கலாக, ஒரு மாதிரி வாடையோடு தண்ணீர் வருகிறது. எங்கள் பகுதியை மாநகராட்சியில் சேர்த்து, டவுனிலிருந்து பெரிய பைப்பு இழுத்து விட்டாலும் இதே கதைதானா?"

கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனதிலிருந்து, ஓரத்து ஊர்களில் இந்தப் பேச்சு அடிபடுகிறது. சிப்காட்டை ஒட்டிய கிராமங்களில் இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. 1980-களில் உப்பனாற்று ஓரமாகத் தொழிற்பேட்டை வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அங்குள்ளவர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். சொந்த மண்ணுக்குக் கீழே உள்ள தண்ணீரை நம்ப முடியாதவர்களுக்கு வெளியிலிருந்து வரும் குழாய்தான் கதி. அந்தக் குழாயோ அதே மண்ணுக்குள்தான் புதைந்து கிடக்கப் போகிறது. வாசகியின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

முதலில் எளிமையான கணக்கை முடித்துவிடலாம். தண்ணீரை நகர்த்துவது அழுத்தம். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். கடலூர் தட்டையான கடற்கரை ஊர். கேப்பர் மலைச் செம்மண் மேட்டை விட்டால் இயற்கையாகக் கிடைக்கும் உயரம் கிடையாது. மற்ற இடங்களில் பம்ப்பு வைத்துத் தள்ளியோ தொட்டி கட்டி ஏற்றியோதான் உயரத்தை உண்டாக்க வேண்டும். அந்த அழுத்தத்தைக் குழாயின் உராய்வு வழியெல்லாம் தின்றுகொண்டே போகும். 300 மி.மீ. குழாயில் தண்ணீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 3 மீட்டர் அழுத்தம், அதாவது 3 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம், போய்விடும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அதே அளவு தண்ணீருக்கு இந்த இழப்பு ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறையும். அதனால்தான் குழாய் வாங்கும்போது விட்டத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. இரண்டு மாடி வீட்டுக்கு 12 மீட்டர் அழுத்தமாவது மிஞ்ச வேண்டும் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு நெடுங்காலமாகச் சொல்லி வந்த அளவு. எந்தப் பொறியாளரும் இதையெல்லாம் சரியாகவே போட்டுவிடுவார்.

இதுவரை சொன்னதெல்லாம் மோட்டார் ஓடும்போது நடப்பது. மோட்டார் நிற்கும்போது நடப்பதைத்தான் நான் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். டவுனிலிருந்து தொழிற்பேட்டைக்கு 6 கிலோமீட்டர் நீளத்துக்கு 300 மி.மீ. இரும்புக் குழாய். கடைசியில் 20 மீட்டர் உயரத்தில் ஒரு தண்ணீர் டேங்க். உராய்வுக்கு 18 மீட்டரையும் சேர்த்தால் பம்ப்பு வாயில் ஏறக்குறைய 40 மீட்டர் அழுத்தம் வேண்டும். குழாய்க்குள் நிற்பது சுமார் 424 டன் தண்ணீர். அத்தனையும் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தெற்கே போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது கரண்டு போகிறது. பம்ப்பு ஓரிரு விநாடியில் சுற்றி ஓய்கிறது. 424 டன் தண்ணீர் உடனே நிற்குமா? பம்ப்பை ஒட்டியுள்ள தண்ணீர் மட்டும் நிற்கிறது. முன்னால் உள்ளது எதுவும் தெரியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஓடும் கூட்ஸ் வண்டியில் கடைசிப் பெட்டிக்கு மட்டும் பிரேக் போட்டால், இணைப்புகள் பின்னாலிருந்து முன்னாலாக ஒவ்வொன்றாக 'டக், டக்' என்று இழுபடுமே, அப்படித்தான் தண்ணீரும் இழுபடுகிறது. 'பின்னால் தள்ளுவதற்கு ஆள் இல்லை' என்ற செய்தி ஓர் அழுத்தக் குறைவாகக் குழாய் வழியே பயணம் செய்கிறது.

அந்தச் செய்தி போகும் வேகம் அசரவைக்கும். இரும்புக் குழாயில் விநாடிக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர். காற்றில் ஒலி போவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தண்ணீர் அமுக்கினால் சுருங்காது என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மையில் சுருங்கும், மிகக் கொஞ்சமாக. 10 வளிமண்டல அழுத்தத்துக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவில். அந்தத் துளி நெகிழ்ச்சியும் இரும்புச் சுவரின் துளி நெகிழ்ச்சியும் சேர்ந்துதான் அலையின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. சுவர் எவ்வளவு இளகியதோ, அலை அவ்வளவு மெதுவாகப் போகும். கறுப்பு எச்டிபிஈ பிளாஸ்டிக் குழாயில் இது விநாடிக்கு 300 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும்.

இதற்குச் சூத்திரம் தந்தவர்களில் முக்கியமானவர் ரஷ்யரான நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி. விமான இறக்கை எப்படி மேலே தூக்குகிறது என்று கணக்குப் போட்டவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். அவர் 1897-98-ல் மாஸ்கோ நகரத்துக் குடிநீர்க் குழாய்களில் சோதனை செய்து கண்டது இது: அழுத்த மாற்றம் என்பது அலை வேகம், தண்ணீரின் வேகம் குறைந்த அளவு, தண்ணீரின் அடர்த்தி மூன்றின் பெருக்கல். இந்தச் சூத்திரத்தில் குழாயின் நீளம் நேரடியாக வரவே இல்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு. அலை கடைசி வரை போய்த் திரும்புவதற்குள் ஓட்டம் நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. நம் கணக்கில் போக 5 விநாடி, வர 5 விநாடி. பம்ப்பு அதற்கு வெகு முன்னாலேயே ஓய்ந்துவிடுகிறது. ஆகவே முழு அடியும் விழும்.

அடி எவ்வளவு? 1,200 மீட்டர் அலை வேகத்துக்கு, 1 மீட்டர் வேகம் நின்றால் 120 மீட்டர் அழுத்தம் குறைய வேண்டும். ஆனால் பம்ப்பு வாயில் இருந்ததே 40 மீட்டர்தான். மீதி 80-ஐ எங்கே போய்க் குறைப்பது? வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே ஏறக்குறைய 10 மீட்டர்தான் இறங்க முடியும். அதற்கும் கீழே வெறுமை.

அந்த எல்லையைத் தொடும்போது தண்ணீர் கொதிக்கிறது! சூடு ஏறவில்லை. 30 டிகிரித் தண்ணீர்தான். சுற்றியுள்ள அழுத்தம் வளிமண்டலத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தால், தண்ணீர் அந்தக் குளிர்ச்சியிலேயே ஆவியாகிவிடும். குழாயின் மேடான இடத்தில் ஓர் ஆவிக் குமிழி திறந்து, தண்ணீர்த் தூண் இரண்டாகப் பிளக்கும். கெடிலம் பாலம் மாதிரி ஓர் ஆற்றுப் பாலத்தில் குழாய் ஏறி இறங்கும் முதுகு இருந்தால், பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும். பிறகு கடைசி டேங்கின் 20 மீட்டர் உயரம் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளும். இரண்டு தூண்களும் மோதிச் சேரும். ஆவி ஒரு நொடியில் தண்ணீராகிவிடுவதால் நடுவில் மெத்தையாக எதுவும் இருக்காது. அப்போது வரும் அழுத்தம் ஓட்டத்தின்போது இருந்ததைப் போலப் பல மடங்கு. பொறியாளர்கள் இதை 'வாட்டர் ஹேமர்' என்பார்கள். "கரண்டு போய் வந்தாலே பைப்பு உடையுது" என்று தெருவில் சொல்வது முழுக்க உண்மை.

குழாய் உடைந்தால் ஊருக்கே தெரியும், சரிசெய்துவிடுவார்கள். எனக்குப் பெரிய கவலை உடைவதற்கு முந்தைய அந்தச் சில விநாடிகள். குழாய்க்குள் அழுத்தம் வெளியே உள்ளதைவிடக் குறைந்த அந்த நேரத்தில், கசிவு ஓட்டைகள் எல்லாம் திசை மாறிவிடுகின்றன. அதுவரை தண்ணீரை வெளியே விட்ட ஓட்டை இப்போது வெளியே உள்ளதை உள்ளே இழுக்கும். 5 மி.மீ. அகலத்தில் ஓர் ஓட்டை, அந்த இடத்தில் வளிமண்டலத்துக்கு 5 மீட்டர் கீழே அழுத்தம், மேலே 1 மீட்டர் தேங்கிய தண்ணீர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 5 விநாடியில் அரை லிட்டருக்கும் மேல் உள்ளே போகும். சாதாரண ஊரில் அது மழைத்தண்ணீரோ சாக்கடையோ. தொழிற்பேட்டை ஓரத்தில் அந்த ஈர மண்ணில் வேறு என்னென்ன இருக்கும் என்று வாசகிக்கே தெரியும்.

தினமும் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊர்களில் விநாடிக் கணக்கு மணிக் கணக்காகிறது. வால்வை மூடியதும் குழாய் பாதி காலியாகிக் கிடக்கும். போதாக்குறைக்கு வீட்டு இணைப்பில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறோம். வராத தண்ணீருக்கு அதுதான் வழி என்ற ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த மோட்டார் தெருக்குழாயில் வெற்றிடத்தை உண்டாக்கி, பக்கத்துச் சாக்கடையைத் தெரு முழுவதற்கும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது. வாசகி சொல்லும் கலங்கலும் வாடையும் இந்த வழிகளில் வரக்கூடும். முதலில் சீறும் காற்று, குழாய் காலியாக இருந்ததற்கு அடையாளம்.

குழாயின் பொருளிலும் ஒரு சிக்கல் உண்டு. இளகிய பிளாஸ்டிக் குழாயில் அலை மெதுவாகப் போவதால் அடி நாலில் ஒரு பங்குதான். பார்த்ததுமே தீர்வு கையில் கிடைத்துவிட்டதுபோல் இருக்கும். ஆனால் பென்சீன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் பிளாஸ்டிக் சுவர் வழியாகவே மெல்ல ஊடுருவிவிடும், ஓட்டையே தேவையில்லை. அப்படிப்பட்ட மண்ணில் இரும்புக் குழாய்தான் பாதுகாப்பு. அதிலும் இணைப்பு ரப்பர் வளையங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆக, தொழிற்பேட்டைக்கு ஏற்ற குழாயே வாட்டர் ஹேமர் பலமாக அடிக்கும் குழாயாகவும் இருக்கிறது. குழாய் பதிக்கும் முன் அந்தப் பாதை மண்ணைச் சோதிக்காமல் ஒப்பந்தம் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

சரி, அடியை எப்படித் தாங்குவது? பம்ப்பு நிலையத்தின் பக்கத்தில் பெரிய மாத்திரை வடிவ இரும்புக் கலம் ஒன்று நிற்பதைச் சில ஊர்களில் பார்க்கலாம். அதன் கீழ்ப்பாதியில் தண்ணீர், மேல்பாதியில் அமுங்கிய காற்று. பம்ப்பு நின்றதும் அந்தக் காற்று விரிந்து தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். 424 டன்னுக்கு நிற்க நேரம் கிடைக்கிறது. கொதிப்பும் இல்லை, மோதலும் இல்லை. அந்த நேரத்தில் கரண்டோ மனிதர் கையோ தேவைப்படாத இந்தக் கலத்தைப் போல அழகான பொறியியல் எனக்கு அதிகம் தெரியாது.

மேடான இடங்களில் ஏர் வால்வு வைப்பார்கள். அழுத்தம் குறைந்தால் அது திறந்து காற்றை உள்ளே விட்டு வெற்றிடத்தைத் தடுக்கும். நல்ல சாதனம்தான், ஆனால் அதைப் பள்ளத்தில் தொட்டி கட்டி மூடி வைத்துவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் அந்தத் தொட்டி நிரம்பினால் வால்வு காற்றுக்குப் பதில் வெள்ளத்தைக் குடிக்கும். 2015 வெள்ளத்தையும், 2024 ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை ஊருக்குள் புகுந்ததையும் பார்த்த மாவட்டம் இது. இங்கே ஏர் வால்வின் வாய் வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். ஒரு நீளமான குழாயை நட்டு உயர்த்துகிற செலவுதான்.

இந்த அலைகளைக் கணக்குப் போட வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலேயே இதற்கான மென்பொருள் உருவாக்கப்பட்டிருக்கிறது. குறை வேறு இடத்தில். நம் ஊர்க் குழாய்களில் விநாடிக்கு நூறு முறை அழுத்தத்தைப் பதிவு செய்யும் கருவிகளைப் போட்டு, ஒரு வருடம் அளந்து பார்க்கிற ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க ஆள் இல்லை. குழாய் பதிக்கும் செலவில் அது தூசு. பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களே செய்துவிடுவார்கள்.

பணம் வேறு ஒன்றுக்குப் போகிறது. கிணறு கெட்டதும் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் வரத்தான் செய்கிறது. கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் பெயர் வைத்த அடுக்கு நமக்குக் கீழே பரந்து கிடக்கிறது. நெய்வேலியில் சுரங்கம் வெட்டவே அந்தத் தண்ணீரை ஓயாமல் இறைக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதியில் பெரும்பாலும் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். அதில் உப்பு எவ்வளவு, கரைப்பான் எவ்வளவு என்று தேங்காய் சொல்லாது. அந்தக் காசுக்குத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம்.

வாசகிக்கு நேராகப் பதில் சொல்கிறேன். டவுனிலிருந்து குழாய் வந்தால் மட்டும் கதை மாறாது. குழாய் எந்நேரமும் அழுத்தத்தோடு நிறைந்திருந்தால் மாறும். ஒடிசாவின் பூரியில் 2021 முதல் 24 மணி நேரமும் நேராகக் குடிக்கும் தரத்தில் குழாய்த் தண்ணீர் தருகிறார்கள். அதுவும் கடற்கரை ஊர்தான். ஆகவே வார்டு கூட்டத்தில் "எத்தனை லிட்டர்" என்று கேட்பதோடு, "கரண்டு போனால் கடைசி வீட்டில் அழுத்தம் எவ்வளவு? காற்றுக்கலம் உண்டா? குழாய்ப் பாதை மண்ணைச் சோதித்தீர்களா?" என்றும் கேளுங்கள்.

அதுவரைக்கும் கரண்டு வந்த பிறகு முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பிடிக்காதீர்கள். தெளிந்த பிறகு ஒரு சின்ன குளோரின் சோதனைப் பெட்டியில் பாருங்கள். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சோதனை மருந்தைச் சேர்த்தும் நிறமே மாறவில்லை என்றால், வழியில் எதுவோ உள்ளே புகுந்து குளோரினைத் தின்றிருக்கலாம். அன்றைக்குக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஆனால் ரசாயன வாடை அடித்தால் கொதிக்க வைப்பதால் பயனில்லை, அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். கரண்டு போன நேரங்களோடு அது பொருந்தினால், மாநகராட்சிப் பொறியாளரிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் வேறு கிடையாது.