‘அட்ரினலின் அரை போடுங்க’ – அரை என்றால் எவ்வளவு?

உடம்பெல்லாம் தடித்து, மூச்சிரைத்து, ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் ஒருவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வருகிறார்கள். கடுமையான ஒவ்வாமை. "சிஸ்டர், அட்ரினலின் அரை போடுங்க" என்கிறார் டூட்டி டாக்டர். அரை ஆம்பூலா (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி), அரை மில்லியா, அரை மில்லிகிராமா? தொடைச் சதையிலா, டிரிப் ஏறும் ரத்தநாளத்திலா? சொன்னவருக்குச் சந்தேகமே இல்லை. கேட்டவர் கையில் எந்தச் சிரிஞ்ச் இருக்கிறதோ, அதைப் பொறுத்து அந்த ‘அரை’ பத்து மடங்கு மாறக்கூடும்.

நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் அட்ரினலின் ஆம்பூல் பெரும்பாலும் 1 மி.லி.; அதில் 1 மி.கி. மருந்து. இதையே 1:1000 என்றும் சொல்வார்கள், அதாவது 1000 மி.லி.யில் 1 கிராம். அந்த ஆம்பூலோடு 9 மி.லி. சலைன் கலந்தால் 1:10000 ஆகிவிடும். இப்போது 1 மி.லி.யில் 0.1 மி.கி. மட்டுமே. எண் பெரிதாக இருப்பதால் வீரியமும் கூடுதல் என்று அவசரத்தில் கண் நம்பிவிடும், நடப்பது நேர்மாறு. ஒரே மருந்து மட்டும் உள்ள ஊசிகளின் லேபிளில் இந்த விகிதக் கணக்கு கூடாது என்று அமெரிக்க மருந்துத் தரநூல் 2016-இல் விதி கொண்டுவந்தது. எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. ஆனால் வார்டு பேச்சில் ‘ஆயிரத்துக்கு ஒன்று’ இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஒவ்வாமைக்கு இது சதை ஊசி. தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கமாகப் போட வேண்டும். அளவு கிலோவுக்கு 0.01 மி.கி.; பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 0.5 மி.கி.க்கு மேல் போவதில்லை. 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி போடலாம். தொடைச் சதையில் ரத்த ஓட்டம் அதிகம். குழந்தைகளிடம் அளந்து பார்த்தபோது, தொடையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்சம் தொட்டது. தோலுக்கடியில் போட்டதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

இதயம் நின்றுபோனவருக்கு நிலைமை வேறு. அவருக்கு 1 மி.கி. நேராக ரத்தநாளத்தில், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. துடிக்கிற இதயத்துக்கு அதே வேகத்தில் அதே அளவு போனால் ரத்த அழுத்தம் எகிறும், துடிப்பு தாறுமாறாகும், நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளையில் ரத்தம் கசியலாம். இதயம் நின்றவருக்கான டோஸும் வழியும் பயிற்சியில் மனப்பாடமானவை. பதற்றத்தில் அதுவே முதலில் நினைவுக்கு வந்து ஒவ்வாமை நோயாளிமீது பிரயோகமாகிவிடுகிறது. கவனக்குறைவு என்று திட்டினால் இது தீராது.

குழந்தைகளிடம் கணக்கு இன்னும் நுட்பம். 10 கிலோ குழந்தைக்கு 0.1 மி.கி., அதாவது ஆம்பூலிலிருந்து 0.1 மி.லி. 5 மி.லி. சிரிஞ்சில் கோடுகளே 0.2 மி.லி. இடைவெளியில்தான் இருக்கும், அதில் இதை அளக்க முடியாது. 1 மி.லி. சிரிஞ்ச் வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம்: சிரிஞ்சின் மூக்கிலும் ஊசிக்குள்ளும் கொஞ்சம் மருந்து எப்போதும் தங்கும். 0.1 மி.லி. இழுத்துவிட்டு அதே சிரிஞ்சில் சலைனையும் இழுத்தால், கோட்டுக் கணக்கில் வராத அந்த மருந்தும் உள்ளே சேர்ந்து டோஸ் கூடிவிடும். சலைனை முதலில் எடுத்து, மருந்தைத் தனிச் சிரிஞ்சில் அளந்து, அதில் சேர்ப்பதே சரி.

இன்சுலினிலும் இதே வகைப் பொறி. இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வீரியம் உண்டு. சிவப்பு மூடிச் சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியவருக்கு, அதைக் குறைக்க இன்சுலின் 10 யூனிட் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை இறங்காமலிருக்கக் கூடவே கொடுத்த குளுக்கோஸ் அதற்குப் போதாமல் போகலாம்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் பார்வைக்குத் தண்ணீர்தான். 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லிஈக்விவலன்ட் (உப்புகளை அளக்கும் அலகு); கரைக்காமல் வேகமாகச் செலுத்தினால் இதயம் நிற்கும். டிரிப்பில் சேர்த்தாலும் ஆபத்து முழுக்க விலகாது. கரைசல் கனமானது என்பதால், தொங்கும் பாட்டிலில் குலுக்காமல் விட்டால் அடியில் தேங்கி, குழாயில் முதலில் இறங்குவதே அதுதான். பாட்டிலைக் கழற்றி, மருந்து சேர்த்து, பலமுறை கவிழ்த்துக் கலக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இந்த மாதிரிச் செறிவான உப்புக் கரைசல்களை வார்டு அலமாரியில் பொதுவாக வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2007-லேயே சொன்னது.

ஆர்டரில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: மருந்து, மில்லிகிராம், வழி, நேரம். "அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையில் சதை ஊசி, இப்பவே" என்று டாக்டர் சொல்ல, நர்ஸ் அதையே திருப்பிச் சொல்லி, "ஆமாம் சிஸ்டர்" என்று கேட்ட பிறகுதான் ஊசி. கேஸ் ஷீட்டில் .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகும், 1.0 என்றால் 10 ஆகும். 0.5, 1 என்றே எழுத வேண்டும். இரண்டாம் ஆள் சரிபார்ப்பதும், "0.1 தானே?" என்று கேட்டுத் தலையாட்ட வைப்பதாக இருந்தால் வீண். அந்த இரண்டாம் ஆள் நோயாளியின் எடையை மட்டும் கேட்டுக்கொண்டு தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

நோயாளி தேறியபின் டிரேயில் கிடக்கும் லேபிள் இல்லாத சிரிஞ்ச்தான் பலர் கண்ணில் படுவதில்லை. சலைனில் கலக்கிய அட்ரினலின் 10 மி.லி.யில் 2 மி.லி. போயிருக்கும், மீதி 8 மி.லி. நிறமில்லாமல், சலைன் போலவே இருக்கும். அடுத்து ஐ.வி. குழாயைக் கழுவிவிட யாராவது கை நீட்டினால் எட்டுவது அதுதான். உடைத்த ஆம்பூல்களை எண்ணி கேஸ் ஷீட்டில் எழுதிய கையோடு அந்தச் சிரிஞ்சையும் அப்புறப்படுத்திவிட வேண்டும்.