ரெக்கார்டிங்கில் டிக் சத்தமா? லேப்டாப்பை மாற்றும் முன் படியுங்கள்

“பாடும்போது நடுநடுவே டிக், டிக்னு விழுது சார், தண்டர்போல்ட் இருக்கிற லேப்டாப் எது வாங்கட்டும்?” வீட்டு ஸ்டூடியோ அமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். தண்டர்போல்ட் என்பது மிக வேகமான ஒரு வகைப் போர்ட். வாங்குவதற்கு முன்பு கேட்பவர்களையாவது தடுத்துவிட முடிகிறது. போன வாரம் பேசியவர் வாங்கி முடித்த பிறகுதான் கூப்பிட்டார். ஆன்லைனில் வாய்ப்பாட்டு வகுப்பு எடுப்பவர். யாரோ சொன்னதை நம்பித் தவணையில் தண்டர்போல்ட் 4 உள்ள லேப்டாப்பை எடுத்திருக்கிறார். புது லேப்டாப்பிலும் அதே டிக். நேரில் போய்ப் பார்த்தால், தனி அடாப்டர் இல்லாத ஒரு சின்ன ஹப்பில் (ஒரு போர்ட்டைப் பலதாகப் பிரிக்கும் பெட்டி) ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), வெப்கேம், வெளி ஹார்ட் டிஸ்க் மூன்றும் தொங்குகின்றன. பழைய லேப்டாப்பிலும் இதே ஹப்தான் இருந்ததாம். இன்டர்ஃபேஸைக் கழற்றி லேப்டாப்பிலேயே நேராகச் சொருகினேன். சத்தம் போய்விட்டது. பழைய லேப்டாப்பை எடுத்துவரச் சொல்லி அதிலும் அப்படியே சொருகிப் பார்த்தேன், அதிலும் போய்விட்டது. ஒரு ஹப்பைக் கழற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். அதற்காக அவர் மாதக்கணக்கில் தவணை கட்டப்போவதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

போர்ட் வேகமாக இருந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்ற எண்ணத்தை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. தயவுசெய்து இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 24 பிட்டில் எழுதுவது) ஒரு சேனலுக்கு நொடிக்குச் சுமார் 1.15 மெகாபிட் போதும். குரலுக்கு ஒன்று, வீணைக்கு ஒன்று என்றால் 2.3 மெகாபிட். 2000-ஆம் ஆண்டில் வந்த யுஎஸ்பி 2.0-இன் வேகம் 480 மெகாபிட். நடைமுறையில் அவ்வளவும் கிடைக்காது, பாதிதான் என்று வையுங்கள். அப்போதும் உங்கள் இரண்டு சேனலுக்குத் தேவையானதைப் போல நூறு மடங்கு இருக்கிறது. உள்ளே 18, வெளியே 20 என்று 38 சேனல் ஓடினாலும் 44 மெகாபிட்டைத் தாண்டாது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட், ஆர்எம்இ பேபிஃபேஸ் ப்ரோ போன்ற இன்டர்ஃபேஸ்கள் எல்லாம் யுஎஸ்பி 2.0-இலேயே வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். ஸ்கார்லெட்டின் பின்னால் இருக்கும் சாக்கெட் டைப்-சி. அது வெறும் சாக்கெட்டின் வடிவம். உள்ளே ஓடுவது யுஎஸ்பி 2.0. அதை 40 ஜிகாபிட் தண்டர்போல்ட் போர்ட்டில் சொருகினாலும் 480-க்கு மேல் போகாது. போகவேண்டிய தேவையும் இல்லை.

“வேகம் கூடினால் லேட்டன்சி (ஒலித் தாமதம்) குறையும்தானே?” என்று அடுத்த கேள்வி வரும். இங்கேதான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள். பாடுவது ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்பதற்கு முக்கியக் காரணம் பஃபர், அதாவது ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்பும் தற்காலிக இடம். ஷேர் ஆட்டோ மாதிரி அது: ஆள் நிரம்பினால்தான் வண்டி எடுப்பார்கள். ரோட்டை எட்டு வழிச்சாலை ஆக்கினாலும் ஸ்டாண்டில் காத்திருக்கும் நேரம் குறையாது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் (ஒலியின் ஒவ்வொரு அளவீடும் ஒரு சாம்பிள்) நிரம்ப 2.7 மில்லிசெகண்ட் ஆகும், 1024 நிரம்ப 21 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு தடவை, வெளியே போக ஒரு தடவை என்று இரண்டு முறை இந்தக் காத்திருப்பு உண்டு. எந்தக் கேபிளாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தண்டர்போல்ட்டில் அதற்கு மேல் சேரும் தாமதம் கொஞ்சம் குறையலாம், மறுக்கவில்லை. ஆனால் சிறிய பஃபரில் சத்தம் உடையாமல் ஓட்டுவது டிரைவரின், அதாவது இன்டர்ஃபேஸைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் சாஃப்ட்வேரின் திறமை. நன்றாக எழுதப்பட்ட டிரைவர் உள்ள யுஎஸ்பி 2.0 இன்டர்ஃபேஸ், சுமாரான டிரைவர் உள்ள தண்டர்போல்ட் இன்டர்ஃபேஸைத் தாராளமாக மிஞ்சும். குரல் மட்டும் பதிகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேராகக் காதுக்கு வந்துவிடும்.

அப்புறம், தானே தாமதம் சேர்க்கும் புளூடூத் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு லேட்டன்சி பற்றிப் புகார் சொல்லாதீர்கள். வயர் உள்ள ஹெட்ஃபோனை இன்டர்ஃபேஸிலேயே சொருகுங்கள்.

சரி, டிக் சத்தம் எங்கிருந்துதான் வருகிறது? ஹப் பற்றிச் சொல்லிவிட்டேன். விண்டோஸில் என்றால் அடுத்து டிரைவரைப் பாருங்கள். இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனமே தரும் ஆசியோ (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் வகை) டிரைவரை இறக்கிப் போட்டு, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா? நான் பார்க்கும் வீடுகளில் பாதிப் பேர் செய்திருப்பதில்லை. அதன்பின் வைஃபை. ரெக்கார்டிங் நேரத்தில் அணைத்துப் பாருங்கள், பல லேப்டாப்பில் அதன் டிரைவர்தான் குறுக்கே வந்து பிராசஸரைப் பிடித்துக்கொள்கிறது. லேட்டன்சிமான் என்ற இலவச சாஃப்ட்வேரைச் சில நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் இடிக்கிறது என்று பெயரோடு காட்டிவிடும். பவர் செட்டிங்கில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் (சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியைத் தூங்கவைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். இவ்வளவும் செய்தும் சத்தம் நிற்கவில்லையா, அப்போது லேப்டாப்பைச் சந்தேகப்படலாம்.

டிக்குக்குப் பதில் “ர்ர்ர்” என்று இரைச்சல் கேட்டால் அது வேறு விஷயம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் போர்ட் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, காரணம் சார்ஜராகவோ வீட்டு எர்த்தாகவோ இருக்கலாம்; எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் சொருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், உயிருக்கே ஆபத்து.

கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள்களில் டேட்டா வயரே இருக்காது. இன்டர்ஃபேஸில் விளக்கு எரியும், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. உடனே “இன்டர்ஃபேஸ் போச்சு” என்று சர்வீஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெட்டியோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். யுஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர்தான் எல்லை, எக்ஸ்டென்ஷன் போட்டு ஹாலில் இருந்து படுக்கையறைக்கு இழுக்காதீர்கள். பழைய யுஎஸ்பி போர்ட் தருவது 500 மில்லியாம்பியர்தான். அதிலேயே இன்டர்ஃபேஸும் ஓடி, இரண்டு கன்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட்டும் போக வேண்டும் என்றால் சில பெட்டிகள் திணறும். அடாப்டர் போட இடம் உள்ள மாடலாக இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

வேகமான போர்ட் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் லைப்ரரிகளை (முன்பே பதிந்த வாத்திய ஒலித் தொகுப்புகள்) வெளி எஸ்எஸ்டியில் வைத்து வாசிக்கிறவர்களுக்கு 10 ஜிகாபிட் யுஎஸ்பி உண்மையாகவே உதவும். நூற்றுக்கு மேல் சேனல் ஓடும் MADI அமைப்பு (ஒரே கேபிளில் பல சேனல் ஒலியை அனுப்பும் முறை), யூனிவர்சல் ஆடியோ அப்போலோ மாதிரி தனக்குள்ளேயே பிளக்-இன் (ஒலியை மெருகேற்றும் சாஃப்ட்வேர்) ஓட்டும் பெட்டி என்றால் யுஎஸ்பி 3.0, தண்டர்போல்ட் எல்லாம் நியாயமான செலவுதான். அங்கேயும் கவனம் வேண்டும். தண்டர்போல்ட் இன்டர்ஃபேஸ் எல்லாமே விண்டோஸில் ஓடாது, மேக்குக்கு மட்டும் என்று சில உண்டு. லேப்டாப்பில் டைப்-சி ஓட்டை இருந்தால் அது தண்டர்போல்ட் என்று அர்த்தமில்லை, மாடலின் விவரக் குறிப்பைப் படியுங்கள். யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயர் போட்டிருந்தாலும் மூன்றும் அதே 5 ஜிகாபிட்தான், பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். யுஎஸ்பி 3.0 டிஸ்க்கைச் சொருகியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால் பயப்பட வேண்டாம். அந்த இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ இரைச்சல் கிளப்பும், இன்டெல் 2012-இலேயே இதை எழுதி வெளியிட்டிருக்கிறது. அதே அலைவரிசையில் ஓடும் வயர்லெஸ் மைக்கை டிஸ்க்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

இதற்குப் பிறகும் புது லேப்டாப் தேவை என்று முடிவானால், உங்கள் இன்டர்ஃபேஸையும் கேபிளையும் ஹெட்ஃபோனையும் பையில் போட்டுக் கடைக்கே கொண்டுபோங்கள். டிரைவரைப் போடச் சொல்லி, பஃபரை 128-இல் வைத்து, பத்து நிமிடம் பாடி ரெக்கார்ட் செய்து அங்கேயே முழுவதும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், கொடுப்பது உங்கள் காசு. அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.