ஹிப்போ என்றால் குதிரை

நீர்யானைக்கு ஆங்கிலத்தில் ஹிப்பொபொட்டமஸ் என்று பெயர். அதில் யானை எங்கே இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். யானை இல்லை, குதிரைதான் இருக்கிறது. கிரேக்கத்தில் ஹிப்போஸ் குதிரை, பொட்டமோஸ் ஆறு. ஆக, ஆற்றுக்குதிரை.

இந்தக் குதிரை பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. ஹிப்போட்ரோம் பந்தயத் திடல். பிலிப், குதிரைப் பிரியன். நினைவுகளைப் பதிக்கும் மூளைப்பகுதி கடல்குதிரை போல வளைந்திருப்பதால் ஹிப்போகேம்பஸ். குதிரை மூத்திரத்தில் கிடைத்த அமிலத்துக்கு 1829இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் வைத்த பெயர் ஹிப்பூரிக் அமிலம்.

லத்தீனில் குதிரை எக்குவஸ், சமஸ்கிருதத்தில் அஸ்வ. மூன்றும் ஒரே தாய்ச்சொல்லின் பிள்ளைகள். அதன் நடுவே ‘க்வ’ இருந்தது. கிரேக்கத்தில் மட்டும் ‘ப்ப’ எப்படி வந்தது?

‘க்வ’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கின் பின்பகுதி மேலே ஒட்டிக் காற்றை அடைக்கிறது. அதே நேரத்தில் உதடு குவிகிறது. அந்தக் குவிப்பு இன்னும் கொஞ்சம் இறுகினால் உதடே காற்றை அடைத்துவிடும். அதுதான் ‘ப’. பிறகு நாக்குக்கு வேலையில்லை. ‘பின்தொடர்கிறேன்’ என்பதற்கு லத்தீனில் செக்குவோர், கிரேக்கத்தில் ஹெபொமாய். அங்கும் இதே மாற்றம். ஆனால் அதில் ‘க்வ’ ஒரே ஒலி. குதிரைச் சொல்லில் ‘க்’, ‘வ்’ என இரண்டு ஒலிகள் தனித்தனியே இருந்ததால் ‘ப’ இரட்டித்தது.

இது வெறும் ஊகமல்ல. வெண்கலக் காலத்தில் வாழ்ந்த மைசீனியக் கிரேக்கர்களின் களிமண் பலகைகளில் குதிரை ‘இ-க்வோ’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தை ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர் வென்ட்ரிஸ் 1952இல் படித்துக்காட்டினார். ‘ப’ ஆவதற்கு முந்தைய நிலை அப்படியே கண்முன் கிடைத்தது! பழைய களிமண்ணைப் படிக்க எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பலகைகளைத்தான்.

முன்னால் நிற்கும் ‘ஹ’ மட்டும் இன்றுவரை புதிர். அது பிற்பாடு ஒட்டியது என்பதற்கு லியூக்கோஸ் (வெள்ளை), ஹிப்போஸ் இரண்டும் சேர்ந்த லியூக்கிப்போஸ் என்ற பெயர் சாட்சி. பெயர் உருவானபோதே ‘ஹ’ இருந்திருந்தால் அதற்கு முந்தைய ‘க்’ அதனோடு சேர்ந்து ‘க்ஹ்’ என்ற மூச்சொலியாக மாறியிருக்கும்.

காதுக்கு ஒன்றுபோல் கேட்பதை வைத்து வேர் கற்பிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அஸ்வவும் ஹிப்போஸும் கொஞ்சமும் ஒத்தொலிக்கவில்லை, ஆனால் உறவு உண்டு. இடுப்பைக் குறிக்கும் ஹிப் அச்சு அசலாக ஒலிக்கிறது, உறவே இல்லை. அது பழைய ஆங்கிலச் சொல்.

கிரேக்கத்திலிருந்து வந்த சொல்லின் ஸ்பெல்லிங்கில் ‘ஐ’க்குப் பின் இரண்டு ‘பி’ வந்தால் குதிரையைத் தேடலாம். பிலிப் ஆங்கிலத்தில் ஒரு ‘பி’யைத் தொலைத்துவிட்டது. ‘ஹெச்’சுக்குப் பின் ‘ஒய்’யும் ஒற்றைப் ‘பி’யும் ‘ஓ’வும் வந்தால் அது ‘கீழ், குறைவு’ என்னும் ஹைப்போ. ஹைப்போதைராய்டு அந்த வகை.