துருப்புச் சீட்டு: எது துருப்பு, எங்கிருந்து வந்தது?

தேர்தல் நெருங்கினால் போதும், செய்தித்தாள்களில் இந்தச் சொல் தவறாமல் தலைகாட்டும். கூட்டணிப் பேச்சில் இன்னார்தான் துருப்புச் சீட்டு என்பார்கள். ஆளுங்கட்சி தன் கடைசித் துருப்புச் சீட்டை இறக்கிவிட்டது என்பார்கள். கிரிக்கெட் வர்ணனையிலும் யாராவது ஒரு சுழற்பந்து வீச்சாளர் துருப்புச் சீட்டாக இருந்தே தீருவார். ஆனால் ஒரு சீட்டுக்கட்டைக் கையில் கொடுத்து, "இதில் துருப்பு எது, எடுத்துக் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் ஆஸை எடுப்பார்கள், ரம்மி மட்டும் ஆடிப் பழகியவர்கள் ஜோக்கரை எடுப்பார்கள். இரண்டும் இல்லை. கட்டில் துருப்பு என்று தனியாக ஒரு சீட்டே கிடையாது.

துருப்பு என்பது ஆடுகிறவர்கள் ஒரு இனத்துக்கு அந்த ஆட்டம் முடியும்வரை கொடுத்துவைக்கும் அதிகாரம். ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் ஆகிய நாலு இனங்களில் ஒன்றைத் துருப்பு என்று முடிவு செய்துவிட்டால், அந்த இனத்தின் 13 சீட்டும் துருப்புச் சீட்டுதான். ஆடிப் பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். 52 சீட்டையும் கலைத்து ஆளுக்கு 13 போட்டாயிற்று. கிளாவர் துருப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் ஆட்டின் 10 இறக்குகிறார். கையில் ஆட்டின் இருக்கிறவர் ஆட்டின்தான் போட வேண்டும் என்பது விதி. இரண்டாம் ஆள் ஆட்டின் ராஜாவைப் போட்டு, சுற்று தனக்குத்தான் என்று நிமிர்ந்து உட்காருகிறார். மூன்றாம் ஆளிடம் ஆட்டின் ஒன்றுகூட இல்லை. அவர் கிளாவர் 2 போட்டு வெட்டுகிறார். நாலாம் ஆளிடம் இருக்கும் ஒரே ஆட்டின், ஆஸ். வேறு வழியில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் போடுகிறார். ராஜா, ஆஸ் எல்லாம் சேர்ந்து கிளாவர் 2 போட்டவரிடம் போய்விடுகிறது. நாலாம் ஆளிடமும் ஆட்டின் இல்லாமல் இருந்து, அவர் கிளாவர் 5 போட்டிருந்தால் அந்த 2 தோற்றிருக்கும். துருப்புக்குள் பெரியதுதான் வெல்லும். கையில் ஆட்டினை வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லி வெட்டினால் அது கள்ள ஆட்டம்.

அடுத்த ஆட்டத்தில் இஸ்பேட் துருப்பானால் அதே கிளாவர் 2 வெறும் ரெண்டுதான், யாரும் சீண்ட மாட்டார்கள்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? இதன் மூத்த தலைமுறை லத்தீனில் இருக்கிறது. போரில் வென்று திரும்பும் ரோமானியத் தளபதி நகருக்குள் நடத்தும் வெற்றி ஊர்வலத்துக்கு ‘திரியும்பஸ்’ என்று பெயர். அது இத்தாலியனில் ‘திரியோன்ஃபோ’ ஆனது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியர்கள் வழக்கமான நாலு இனத்தோடு கூடுதலாகச் சில படச் சீட்டுகளைச் சேர்த்து ஆடினார்கள். அந்தப் படச் சீட்டுகள் மற்ற எல்லாவற்றையும் வெல்லும். அவற்றுக்குத்தான் ‘திரியோன்ஃபி’ என்று பேர். ஃபிளாரன்ஸ் நகரத்து நாட்குறிப்பு ஒன்றில் 1440ஆம் ஆண்டே இந்தச் சொல் பதிவாகியிருக்கிறது. இன்று ஜோசியம் பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டு அந்த வழியில் வந்ததே. அப்போது அது ஜோசியம் இல்லை, வெறும் ஆட்டம்.

அப்புறம் கூடுதல் படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, இருக்கிற நாலு இனத்தில் ஒன்றுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்து ஆடும் வழக்கம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. செலவும் மிச்சம், சாதாரணக் கட்டே போதும். பெயரும் கூடவே போனது. போர்த்துக்கீசியத்தில் ‘துருன்ஃபு’, டச்சில் ‘துரூஃப்’, ஆங்கிலத்தில் ‘டிரம்ப்’. ஆங்கிலேயப் பாதிரியார் ஹியூ லாட்டிமர் 1529இல் கேம்பிரிட்ஜில் சீட்டாட்டத்தை உவமையாக வைத்தே பிரசங்கம் செய்தார், அதில் இந்த ஆட்டமும் வருகிறது. பாதிரியாரே உவமை சொல்லும் அளவுக்கு அது அங்கே தெரிந்த விளையாட்டாக இருந்திருக்கிறது.

தமிழுக்கு இது ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று நினைப்பதுதான் எளிது. சொல்லின் உருவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ‘டிரம்ப்’ என்பதில் மகர ஒலி இருக்கிறது, துருப்பில் இல்லை. முதலெழுத்தும் ‘ட’ இல்லை, ‘த’. டச்சுக்காரர்களின் ‘துரூஃப்’ என்பதில் கடைசி ஒலியை, ‘காஃபி’யைக் ‘காப்பி’ ஆக்கிய மாதிரி, நம் வாய்க்குத் தோதாக்கினால் துருப்பு தானாக வந்து நிற்கிறது. பக்கத்து மொழிகளிலும் இதே உருவம்தான்: மலையாளத்தில் துறுப்பு, தெலுங்கில் துருபு, இந்தியில் துருப். இலங்கையில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. அங்கே தமிழர்கள் ‘துரும்பு’ என்பார்கள், சிங்களத்திலும் ‘துரும்பு’தான். அந்த மகர மெய், போர்த்துக்கீசிய ‘துருன்ஃபு’வின் மூக்கொலியாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே இலங்கை நாளிதழில் ‘துரும்புச் சீட்டு’ என்று பார்த்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். பல் குத்தும் துரும்புக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இதற்கு வரலாறும் ஒத்துப்போகிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கோட்டை 1613இலேயே எழுந்துவிட்டது. 1658இல் நாகப்பட்டினம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மூன்றையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள், 1663இல் கொச்சியையும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கப்பல்காரர்களும் சிப்பாய்களும் கிடங்குக் கணக்கர்களும் இந்தத் துறைமுகங்களில் இருந்திருக்கிறார்கள். காற்றுக்காகக் காத்திருக்கும் கப்பல்காரனுக்குச் சீட்டைவிடத் தோதான பொழுதுபோக்கு எது?

இந்த இனப் பெயர்களும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. ஆங்கிலத்தில் ‘கிளப்ஸ்’ என்பதை நாம் கிளாவர் என்கிறோம். டச்சில் ‘கிளாவர்’ என்றால் மூவிலைத் தீவனச் செடி, சீட்டில் இருக்கும் படமும் அதுவே. ஆட்டின் என்பது டச்சு ‘ஹார்ட்டன்’. ‘ஆட்டின் ராணி’ என்று கேட்டுவிட்டு ஆட்டுக்குட்டியைத் தேடிய பிள்ளைகள் எத்தனை பேரோ! இஸ்பேட் மட்டும் வாளைக் குறிக்கும் போர்த்துக்கீசிய ‘எஸ்பாதா’விலிருந்தும் வந்திருக்கலாம், ஆங்கிலத்திலிருந்தும் வந்திருக்கலாம். டைமன் சந்தேகமில்லாமல் ஆங்கிலம்.

இதைவிட வலுவான சான்று ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கேரளத்திலும் அதை ஒட்டிய தமிழ் ஊர்களிலும் ஆடும் 28, யாழ்ப்பாணத்தில் ஆடும் 304 என்ற ஆட்டங்கள் இரண்டிலும் பெரிய சீட்டு ஆஸும் இல்லை, ராஜாவும் இல்லை. ஜாக்கிதான் பெரியது, அடுத்தது 9. முதன்முதலாக ஆட வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். 304இல் ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அந்தக் கூட்டுத்தொகைதான். 28இல் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நெதர்லாந்திலிருந்து கிளம்பிய ‘யாஸ்’ என்ற ஆட்டக் குடும்பத்திலும் துருப்பு இனத்தில் ஜாக்கி முதலிடம், 9 இரண்டாமிடம். நம் ஊர் ஆட்டங்கள் அந்தக் குடும்பத்துக் கிளைகள் என்றே சீட்டாட்ட ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆட்டம் வந்த கப்பலில் சொல்லும் வந்திருக்கும் என்பதில் ஆச்சரியம் என்ன?

28இல் இன்னொரு நுட்பம் உண்டு. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு போட்டதும், எத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் நடக்கும். ஏலத்தில் ஜெயித்தவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனமோ அதுதான் துருப்பு, ஆனால் அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மற்றவர்களில் ஒருவர், இறக்கிய இனம் கையில் இல்லாமல் போகும்போது, துருப்பைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அப்போதுதான் அது திரும்பும். ‘யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த துருப்புச் சீட்டை எடுத்துவிட்டார்’ என்று அரசியல் செய்தியாளர் எழுதும்போது, அறிந்தோ அறியாமலோ இந்த ஆட்டத்தைத்தான் சொல்கிறார். அந்தப் பயன்பாட்டில் பிழையே இல்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. ‘அவரைத் துருப்புச் சீட்டாகப் பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிந்தார்கள்’ என்று எழுதுகிறார்களே, அது பகடைக்காய். அடுத்தவர் நகர்த்த நகர்கிற காய்க்கும், போட்டால் ஆஸையே சாய்க்கிற சீட்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ‘துருப்புகள் எல்லையில் குவிப்பு’ என்னும் செய்தியில் வருகிற துருப்பும் வேறு. அது படைப்பிரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருவம். இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால், துருப்புச் சீட்டு என்றால் போர்வீரன் சீட்டு என்று விளக்கம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை.

ஜோக்கரை எடுத்துக் காட்டியவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. 1860களில் அமெரிக்கர்கள் யூக்கர் என்ற ஆட்டத்துக்காக ஜோக்கரைக் கட்டில் சேர்த்தபோது, எல்லாத் துருப்புக்கும் மேலான துருப்பாகவே அது பிறந்தது. ரம்மிக்கு வந்த பிறகுதான் இல்லாத சீட்டுக்குப் பதிலாள் வேலை பார்க்கிறது.

இனி, தமிழில் என்ன சொல்லலாம்? சொல்லின் மூல அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு ‘வெற்றிச் சீட்டு’ என்று ஆக்கலாம். ஆனால் துருப்பு கையில் இருந்தும் தோற்கிறவர்கள் ஏராளம், அதனால் பொருந்தவில்லை. உருவகமாக எழுதும்போது சிலர் பிரம்மாஸ்திரம் என்கிறார்கள். அது தானாகவே வலிமை உள்ள ஆயுதம், துருப்போ இரவல் வலிமை. ஆடுகிறவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிற ‘வெட்டு’தான் எனக்குப் பிடித்தது. துருப்புப் போடுவதை வெட்டுவது என்றுதானே சொல்கிறோம்? அந்த வழியில் ‘வெட்டுச் சீட்டு’, இனத்துக்கு ‘வெட்டினம்’ என்று வைத்துக்கொள்ளலாம். இதிலும் ஒரு சிக்கல்: கழுதை ஆட்டத்தில் துருப்பே கிடையாது, இறக்கிய இனம் இல்லாதவர் எந்தச் சீட்டைப் போட்டாலும் அது வெட்டுதான். கட்டைக் கலைத்ததும் எதிராளி இரண்டாகப் பிரித்து வைப்பதும் வெட்டுதான். ஆகவே வினைக்கு வெட்டு, பெயருக்குத் துருப்பு என்று இருப்பதே புழக்கத்துக்கு நல்லது. புதிதாக ஆடச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் ‘துருப்பு, அதாவது வெட்டும் இனம்’ என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். எழுதும்போது ‘துருப்புச் சீட்டு’ என்று நடுவில் ‘ச்’ போட்டு எழுத வேண்டும். ‘துருப்பு சீட்டு’ என்றும் ‘துருப்பிச் சீட்டு’ என்றும் கண்ணில் படுவதெல்லாம் பிழை.