நெகட்டிவ் தாளும் மூக்கிலிருந்து குழாய் வரையிலான தூரமும்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சளி, இருமல், காய்ச்சல் என்று வரிசை வாசல் வரை நிற்கும். அதில் மூச்சு வாங்குகிற பெரியவர்கள், பால் குடிக்க முடியாமல் திணறுகிற கைக்குழந்தைகள் என்று கொஞ்சம் பேருக்கு மூக்கில் குச்சி விட்டு, வைரஸின் மரபணுவைப் பெருக்கித் தேடுகிற ஆர்டி-பிசிஆர் சோதனை எடுக்கிறார்கள். நெகட்டிவ் என்று தாள் வந்ததும், சரி, வைரஸ் இல்லை என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் சோதனைக் குழாய்க்குள் போன துளியில் வைரஸ் அகப்படவில்லை என்பதைத்தான் அந்தத் தாளால் சொல்ல முடியும்.

இன்ஃப்ளூயன்சா, கைக்குழந்தைகளை அதிகம் வாட்டுகிற ஆர்எஸ்வி, கொரோனா மூன்றும் மரபுத் தகவலை ஆர்என்ஏவாக வைத்திருக்கிற வைரஸ்கள். பிசிஆர் நகலெடுப்பதோ டிஎன்ஏவை. அதனால் முதலில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற என்சைம் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றித் தருகிறது. 1970-ல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த என்சைம் இது. அப்புறம் 1983-ல் கேரி முல்லிஸ் கண்டுபிடித்த வழிதான், சூடாக்கு, ஆறவிடு, இரட்டிப்பாக்கு என்ற சுற்று. எதுவும் தடுக்காமல் 40 சுற்று ஓடினால் ஒரே ஒரு நகல் கணக்குப்படி ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் கூடக் கூட, குழாயில் கலந்திருக்கிற ஒளிரும் பொருளின் ஒளியும் கூடும். எத்தனையாவது சுற்றில் அது எல்லைக் கோட்டைத் தாண்டுகிறதோ அதுதான் தாளில் வருகிற சிடி மதிப்பு. சிடி ஏறத்தாழ 3.3 குறைந்தால் வைரஸ் 10 மடங்கு அதிகம் என்று பொருள்.

ஆக, குழாய்க்குள் ஒரு நகல் வந்து சேர்ந்தாலே அதைப் பெருக்கிக் காட்டும் திறமை இந்த முறைக்கு இருக்கிறது. சிக்கல் வந்து சேர்வதில்தான். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: மேட்டூரில் எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்பது ஒரு கணக்கு, கடைமடையில் தலைஞாயிறு பக்கத்து வயலில் எவ்வளவு ஏறியது என்பது வேறு கணக்கு.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். குச்சியை 3 மில்லிலிட்டர் திரவத்தில் போடுகிறார்கள். லேபில் அதிலிருந்து 200 மைக்ரோலிட்டர் எடுத்து, ஆர்என்ஏவைப் பிரித்து, 50 மைக்ரோலிட்டர் நீரில் கரைத்து, அதில் 5 மைக்ரோலிட்டரை மட்டும் பிசிஆர் குழாயில் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழியில் எதுவுமே சேதாரம் ஆகாவிட்டாலும் குழாய்க்குப் போனது முதல் திரவத்தில் 20 மைக்ரோலிட்டர் அளவுதான், அதாவது 150-ல் ஒரு பங்கு. குச்சியில் 1,500 வைரஸ் நகல் ஒட்டி வந்திருந்தால் குழாயில் 10 இருக்கும். 150 தான் வந்தது என்றால் சராசரியாக ஒன்று. சராசரி ஒன்று என்றால் எல்லாக் குழாயிலும் ஒன்று இருக்காது; நிகழ்தகவுப்படி 100 குழாயில் 37-ல் ஒன்றுமே இருக்காது. 100-க்கு 95 முறை ஒரு நகலாவது அகப்பட வேண்டுமென்றால் சராசரி 3 ஆவது வேண்டும், எவ்வளவு விலை உயர்ந்த என்சைம் போட்டாலும் இந்த எல்லை நகராது. 40 சுற்றை 45 ஆக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில், பூஜ்யத்தை எத்தனை முறை இரட்டித்தாலும் பூஜ்யம்.

இதே கணக்கில் திரவத்தை 1 மில்லிலிட்டராகக் குறைத்து, 400 மைக்ரோலிட்டரிலிருந்து ஆர்என்ஏ பிரித்து, 10 மைக்ரோலிட்டரைக் குழாயில் விட்டால் 12 மடங்கு அதிக வைரஸ் உள்ளே போகும், சிடி மூன்றரைச் சுற்று முன்னாலேயே வந்துவிடும். புது மிஷின் எதுவும் வாங்காமலே! சும்மா அளவைக் கூட்டினால் மட்டும் போதாது, சளியில் இருக்கிற பிசிஆரைத் தடுக்கும் பொருள்களும் சேர்ந்து கூடும் என்பதால் அந்தந்த லேப் சரிபார்த்துத்தான் செய்ய வேண்டும்.

குச்சி வைக்கும் கையும் முக்கியம். மூக்கின் தரைக்கு இணையாக, மேல்நோக்கிக் குத்தாமல், தொண்டையின் பின்சுவர் தட்டுகிற வரை மெதுவாக உள்ளே போய், சில விநாடி அங்கேயே வைத்துச் சுழற்றி எடுக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும், பிள்ளைகள் திமிறுவார்கள், வரிசையோ நீளம், அந்த அவசரத்தில் மூக்கு வாசலில் தடவி எடுத்தால் இழப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நுனியில் நைலான் இழைகள் மயிர்க்கால் போல நிமிர்ந்து நிற்கிற குச்சிதான் நல்லது, அது பிடித்ததைத் திரவத்தில் விட்டுவிடும். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சு பிசிஆரைக் கெடுக்கக்கூடும். எடுத்த மாதிரி சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு: மனித செல்லில் இருக்கிற ஆர்னேஸ் பி என்ற மரபணுவையும் சேர்த்துத் தேடுவது. அதுவே வரவில்லை அல்லது ரொம்பத் தாமதமாக வந்தது என்றால், வைரஸ் நெகட்டிவ் என்று சொல்லாமல் மறுபடி மாதிரி கேட்க வேண்டும். இந்த மதிப்பையும் நோயாளியின் தாளிலேயே அச்சடிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் பயணம். கடலோரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் எடுத்த மாதிரி 2 முதல் 8 டிகிரி குளிரில் போக வேண்டும், 72 மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் மைனஸ் 70 டிகிரிக்குப் போய்விட வேண்டும். சாதாரண ஃப்ரீசரில் உறைய வைத்து, உருக்கி, திரும்ப உறைய வைப்பது ஆர்என்ஏவுக்கு எமன். லேபில் வைரஸை உடைத்து, சிலிக்கா பூசிய காந்த மணிகளில் ஆர்என்ஏவை ஒட்ட வைத்து, காந்தத்தைக் காட்டினால் பழுப்பு மணிகள் குழாய்ச் சுவரில் ஒதுங்கும். எத்தனாலால் கழுவி உலர்த்துவார்கள். அந்த எத்தனால் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் பிசிஆர் தடுமாறும்.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. 2020 கடைசியில் பரவிய ஆல்பா வகை கொரோனாவில், வைரஸின் மேலிருக்கிற முள் புரதத்துக்கான எஸ் மரபணுவின் ஒரு சின்னத் துண்டு விடுபட்டுப் போனதால், அந்த இடத்தைத் தேடிய சோதனைப் பகுதி வேலை செய்யவில்லை. மற்ற மரபணுக்களையும் சேர்த்துத் தேடிய டெஸ்ட்கள்தான் நோயாளியைத் தவறவிடாமல் காப்பாற்றின. குறைந்தது இரண்டு இடத்தைத் தேடுவது இதனால்தான்.

மாதிரியை ஆயிரக்கணக்கான நுண்துளிகளாகப் பிரித்து எண்ணுகிற டிஜிட்டல் பிசிஆர், குறிப்பிட்ட மரபணு வரிசையை அடையாளம் கண்டு காட்டுகிற கிரிஸ்பர் முறைகள் எல்லாம் நல்ல முன்னேற்றங்கள்தான், ஆனால் உள்ளே வராத வைரஸை அவையும் எண்ண முடியாது.

உணர்திறன் கூடக் கூட இன்னொரு பொறுப்பும் கூடுகிறது. ஓடி முடித்த குழாயைத் திறந்தால், அதிலிருக்கும் கோடானுகோடி நகலில் துளி காற்றில் பறந்து அடுத்தவர் மாதிரியில் விழுந்தாலே பொய்யான பாசிட்டிவ். கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரி சேர்க்க ஓர் அறை, பெருக்க ஓர் அறை என்று பிரிப்பதும், பழைய நகல்களை மட்டும் தேடி அழிக்கிற என்சைமை முன்கூட்டியே கலப்பதும் இதற்காகத்தான்.

நாளும் இடமும் கூட முடிவை மாற்றும். ஃப்ளூவில் முதல் மூன்று நான்கு நாளில் மூக்கில் வைரஸ் அதிகம். நிமோனியாவாகி நாள் கடந்து வந்தவரின் மூக்கில் குறைந்துபோய் நுரையீரலில் மட்டும் இருக்கலாம், அப்போது ஆழத்திலிருந்து வரும் சளியில் எடுத்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதனால் நெகட்டிவ் தாளோடு வீட்டுப் பெரியவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால், எத்தனாவது நாள் எடுத்தது, எங்கிருந்து எடுத்தது, திரும்ப எடுக்கலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.